பிச்சாட்டூர் தண்ணீரா, நம்ம ஏரித் தண்ணீரா?

வாசகர் ஒருவர் கேட்டது: "பிச்சாட்டூர் அணையை ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்டதால்தான் ஊத்துக்கோட்டைக்குக் கீழே இருக்கிற ஊர்களெல்லாம் முழுகின. ஆந்திராக்காரர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள். இதை ஏன் யாரும் பேசுவதில்லை?"

9 டிசம்பர் 2023, காலை

நான் பேசுகிறேன். மிக்ஜாம் புயலில் முழுகின ஊர்க்காரன். ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம் போகிற வழியில், ஆரணி ஆற்றை ஒட்டின ஊர். ஏரிக்குக் கீழே சொந்தமாக இரண்டேகால் ஏக்கர், ஆற்றோரம் குத்தகைக்கு ஒரு ஏக்கர். இரண்டிலும் பாபட்லா நெல். ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது பாதிக் கதிர் வெளியே வந்திருந்தது. திங்கட்கிழமை மாலை வரப்பு எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியவில்லை. பம்ப்செட் கொட்டகையின் ஓடு மட்டும் தெரிந்தது.

ஆமாம், ஆந்திராவில் இதே ஆற்றின் மேல் பக்கம் இருக்கிற பிச்சாட்டூர் அணையைத் திறந்தார்கள். கேட்டவர் சொல்வது சரி. எனக்கும் அதே ஆத்திரம்தான். வெயில் காலத்தில் ஒரு சொட்டு விடுவதில்லை, புயல் வந்தால் மட்டும் நம்ம தலையில் கொட்டுகிறார்கள்.

9 டிசம்பர், இரவு

காலையில் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். சொல்லாமல் திறக்கவில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவைத் திரும்பப் பார்த்தேன். கரையோர ஊர்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று வந்திருக்கிறது. அதற்குக் கீழே எவனோ கைகூப்பும் படம் போட்டிருக்கிறான். அதற்கும் கீழே நான் போட்டது, கட்டை விரல். படித்துவிட்டுத்தான் போட்டேனா என்று கேட்காதீர்கள்.

10 டிசம்பர்

இன்று வேறெதுவும் எழுத மனமில்லை. மீன் பற்றி மட்டும். வயலில் விரால், குறவை, கெளுத்தி என்று எல்லாம் வந்துவிட்டன. பையன்கள் கொசுவலையை வரப்பில் கட்டிப் பிடித்தார்கள். மூன்று நாளாக மூன்று வேளையும் மீன் குழம்பு. உரம் போட்டது நெல்லுக்கு, விளைந்தது கெளுத்தி. என் அம்மா மட்டும் தொடவில்லை. "நம்ம நெல்லைத் தின்ன மீனை நாம தின்னணுமா" என்கிறார். எனக்கு அப்படி ஒரு மனச்சங்கடமும் இல்லை, இன்னொரு துண்டு போட்டுக்கொண்டேன்.

11 டிசம்பர்

மூன்று பேருக்கு ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன்.

முதலில், திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் தன் அத்தை வீட்டுக்கு ஆபத்தா என்று கேட்டவருக்கு: அது வேறு ஊர், அங்கே ஓடுவது கமண்டல நாகநதி. இது பிச்சாட்டூர், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகிற ஆறு. அத்தை நிம்மதியாகத் தூங்கட்டும்.

அடுத்து, தண்ணீர் வடிந்ததும் பயிருக்கு என்ன போடுவது என்று கேட்டவருக்கு: ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு. மூன்றையும் ஒரு ராத்திரி கலந்து வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவ வேண்டும். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகுதான். நிற்கிற தண்ணீரில் போட்டால் அது பழவேற்காட்டு இறாலுக்குப் போய்ச் சேரும்.

மூன்றாவது, அணை எவ்வளவு பெரியது என்று பொன்னேரிக்காரர் கேட்டார். பிச்சாட்டூரின் கொள்ளளவு சுமார் 1.85 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). சென்னைக்குத் தண்ணீர் தருகிற பூண்டி ஏரி 3.23 டிஎம்சி. பூண்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

11 டிசம்பர், கொஞ்சம் கழித்து

உரக் கணக்கில் ஒரு தவறு. கணக்கு சரிதான், பருவம்தான் தவறு. அது தூர் கட்டுகிற இளம் பயிருக்கு. என்னுடையதைப் போலக் கதிர் வந்த பயிருக்கு யூரியா கொட்டினால் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. நான் நேற்றே அரை மூட்டை போட்டுவிட்டேன். யாரும் என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

13 டிசம்பர்

கணக்கெடுக்க வந்தார்கள். வரப்பில் நின்றபடியே வந்தவர் சொன்னது: "பயிர் பச்சையாத்தானே இருக்கு?"

பச்சையாகத்தான் இருக்கிறது. ஆறு நாள் தண்ணீரில் நின்ற பயிர், வடிந்ததும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சேற்றைக் கழுவிவிட்டால் கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். ஆனால் பூ பூக்கிற நேரத்தில் தண்ணீர் மூடினால் மகரந்தம் சேராது, பால் பிடிக்காது, ஜனவரியில் கதிரைக் கசக்கினால் பதர்தான். இதை டிசம்பர் 13 அன்று எப்படிக் காட்டுவது? நான் ஒரு கதிரை உரித்துக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், பிறகு கைப்பேசியைப் பார்த்தார்.

33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால்தான் நிவாரணம். இறவை நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்ததை இந்தப் புயலுக்கு 17,000 ஆக்கியிருக்கிறார்கள். ஏக்கருக்கு 6,900 ரூபாய் சுமார். நடவுக் கூலிக்கும் நாற்றங்காலுக்கும் ஆகும். அதற்கு மேல் செலவு செய்ததை மீனாகத் தின்றுவிட்டோம் என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

என் நிலத்துக்கு எத்தனை சதவீதம் போட்டார் என்று தெரியவில்லை. பக்கத்து நிலத்தில் அடியோடு சாய்ந்து படுத்துவிட்டது, அவருக்கு உடனே எழுதினார்கள். நின்ற பயிர்க்காரன் எல்லாம் படுத்த பயிர்க்காரனைப் பொறாமையோடு பார்க்கிற ஊரை நான் இதுவரை பார்த்ததில்லை.

14 டிசம்பர்

என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது நாகலாபுரம் பக்கம். அந்தப் பக்கமும் தமிழ் பேசுகிற ஊர்கள்தான். எங்கள் ஊரில் தெலுங்குக்காரர்கள் இருப்பது போல அங்கே நாம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சண்டை வந்தால் இரண்டும்.

நான் 9ஆம் தேதி எழுதியதை யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். போன் செய்தாள்.

"அண்ணா, ஆந்திராக்காரன்னு எழுதியிருக்கியே, அது யாரு, நானா?"

நான் பொதுவாக எழுதினேன் என்றேன்.

"ஏரி ரொம்பி, வர்ற தண்ணி அப்படியே வெளிய போவுது. தொறக்காம வெச்சிருந்தா கரை போயிடும். கரை போனா உங்க ஊரு இருக்குமா? நாங்க இருப்போமா? நாலு வருஷம் காஞ்சு கெடந்துச்சே, அப்போ ஒரு நாளாவது கேட்டியா?"

கேட்கவில்லை. அவர்கள் நிலம் அந்த அணையின் வாய்க்கால் பாசனம். பிச்சாட்டூர் நிரம்பினால்தான் அவள் வீட்டில் நெல். முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அணையைக் காலியாக வைத்திருக்கலாமே என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அவள் மாமனார் முன்னால் அதைச் சொல்லிப் பாருங்கள். புயல் வராமல் போனால் காலி அணையை யார் நிரப்புவது?

போன் வைக்கும்போது, "வைக்கோல் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை. போர் அடியோடு நனைந்து உள்ளே பூஞ்சை பிடித்துச் சுடுகிறது. இரண்டு மாடும் வாய் வைக்கவில்லை.

16 டிசம்பர்

காலை ஏழு மணிக்கு ஒரு டிராக்டர் வைக்கோல் வந்து நின்றது. ஓட்டிவந்தது மாப்பிள்ளையே. "ஆந்திரா வைக்கோல், உங்க மாடு தின்னுமா?" என்று கேட்டார். மாடு தின்றது.

17 டிசம்பர்

சும்மா இருக்க முடியாமல் கணக்குப் போட்டேன். ஒரு டிஎம்சியை ஒரே நாளில் விட்டால் விநாடிக்குச் சுமார் 11,574 கன அடி ஓடும். பிச்சாட்டூரைத் துடைத்து ஒரே நாளில் காலி செய்தாலே 21,000 கன அடிக்குக் கொஞ்சம் மேல். யாரும் துடைத்துக் காலி செய்யவில்லை, வந்ததைத்தான் விட்டார்கள். அணைக்குக் கீழே நாகலாபுரம் மலையிலிருந்தும் சத்தியவேடு பக்கமிருந்தும் வருகிற ஓடைகளுக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. அதற்கு மேல் இரண்டு நாள் எங்கள் தலையிலேயே பெய்த மழை.

அணை இல்லாமல் இருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. எனக்கு இப்படி எழுதப் பிடிக்கவில்லை.

வேறொரு கோணம். ஊத்துக்கோட்டை பக்கத்தில் ஜீரோ பாயின்ட் என்று ஓர் இடம். கிருஷ்ணா தண்ணீரைக் கொண்டுவருகிற கண்டலேறு - பூண்டி கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைவது அங்கே. 1983 ஒப்பந்தப்படி சென்னைக்கு வருஷத்துக்கு 12 டிஎம்சி எல்லையில் கிடைக்க வேண்டும். 1996இல் முதல் தண்ணீர் வந்தது. ஏப்ரல் மாதம் அந்தக் கால்வாயைப் பார்த்து "ஆந்திராக்காரன் விடமாட்டேங்கிறான்" என்போம். டிசம்பரில் நாலு கல் தள்ளி ஆற்றுப் பாலத்தில் நின்று "ஆந்திராக்காரன் விட்டுட்டான்" என்போம். டீக்கடைக்காரர் ஒருவரே, பெஞ்சும் ஒன்றே.

19 டிசம்பர்

6,000 ரூபாய் புயல் நிவாரண டோக்கன் பற்றிக் கேட்காதீர்கள். கார்டு இருக்கிறவன், இல்லாதவன், சர்க்கரை கார்டு, சென்னையில் வாடகைக்கு இருந்துகொண்டு கார்டை ஊரில் வைத்திருப்பவன் என்று ஊரே ரேஷன் கடை வாசலில் சட்டம் படித்தது. இரண்டு ஓரகத்திகள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான் சொல்வேன், இரண்டு பேருமே எனக்குச் சொந்தம்.

21 டிசம்பர்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதை இங்கே எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

என்னுடைய இரண்டு நிலத்துக்கும் ஒரே தண்ணீர் வரவில்லை. ஆற்றோரக் குத்தகை நிலத்தில் ஏறியது ஆறு. சரி. ஆனால் ஏரிக்கீழ் நிலம் ஆற்றிலிருந்து முக்கால் கிலோமீட்டர். அங்கே வந்தது ஏரித் தண்ணீர். நிறத்தைப் பார்த்தாலே தெரியும். ஆறு விட்டுப்போனது மணல், ஏரி விட்டுப்போனது கறுப்பு வண்டல். முதல் நாள் ஆத்திரத்தில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிச்சாட்டூர் கணக்கில் எழுதிவிட்டேன்.

4ஆம் தேதி விடியற்காலை கலங்கலுக்கு (ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற இடம்) பக்கத்தில் ஏரிக்கரை இருபது அடிக்கு உடைந்தது. ஊரில் பேச்சு என்னவென்றால், உடையவில்லை, வெட்டினார்கள் என்று. யார் வெட்டினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு பதில். ஏரிக்குள்ளேயே, உள்வாயில் பயிர் வைத்திருந்தவர்கள் தங்கள் பயிரைக் காப்பாற்ற வெட்டினார்கள் என்று ஒன்று. காலனிக்குள் தண்ணீர் ஏறினதால் அவர்கள் வெட்டினார்கள் என்று இன்னொன்று. இரண்டாவதுதான் சத்தமாகப் பேசப்படுகிறது. ஏன் அது சத்தமாகப் பேசப்படுகிறது என்று விளக்க வேண்டியதில்லை, நீங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான்.

காலனியிலிருந்து என் வீட்டுக்குக் களைக்கும் அறுப்புக்கும் வருகிறவர்கள் பத்து நாளாக வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை, அவர்கள் வரவும் இல்லை.

22 டிசம்பர்

"போலீசில் சொல்லுங்கள்" என்று எழுதியவருக்கு: நன்றி. ஊரில் இருந்து பாருங்கள்.

27 டிசம்பர்

வெட்டவில்லை.

நேற்றுக் காலை உடைப்பைப் போய்ப் பார்த்தேன். மண்வெட்டி போட்ட கரை என்றால் ஓரம் செங்குத்தாக இருக்கும். இது அடியிலிருந்து அரித்து மேலே சரிந்திருக்கிறது. பக்கவாட்டில் நண்டு வளைகள், ஒரு கை நுழைகிற அளவுக்கு. எங்கள் ஊர் நீர்க்கட்டி (ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவர்) குடும்பத்துப் பெரியவர் கூட வந்தார். எண்பது வயது. கையில் தடியை வைத்து கலங்கலைக் காட்டினார். கலங்கல் மேலே வரிசையாக மணல் மூட்டைகள் இன்னும் கிடக்கின்றன. இரண்டடி உயரத்துக்கு.

அந்தக் காலத்துக் கலங்கலில் குத்துக்கற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்லும் அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கொள்வார்கள். மழை நிற்காமல் அடைக்கக் கூடாது. "தை பொறந்தா அடை, கார்த்திகையில அடைச்சா கரை போவும்" என்றார் பெரியவர். நாங்கள் ஐப்பசியிலேயே அடைத்தோம். அக்டோபரில் மழை சரியில்லை, ஏரி நிரம்பாது என்று பயம். ஏரிப் பாசன நிலம் வைத்திருக்கிற ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு மூட்டை வாங்கினோம். கலங்கலில் வழிந்து போக வேண்டிய தண்ணீர் கரையை ஏறிப் பார்த்திருக்கிறது.

ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டவர்களில் நானும் ஒருவன். மூட்டையும் தூக்கினேன். நாலு மூட்டை.

28 டிசம்பர்

"அப்படியானால் ஆந்திராக்காரர்கள் தப்பித்தார்கள்" என்று ஒருவர் சிரிப்பு பொம்மையோடு எழுதியிருக்கிறார். முழுக்க இல்லை. ஆறு நிறைய ஓடினதால்தான் ஏரியின் உபரித் தண்ணீர் ஆற்றில் போய் விழ முடியாமல் எதிர்த்துத் தள்ளியது. ஆறு நாள் வயலில் நின்றதற்கு அது பெரிய காரணம். இதையும் பெரியவர்தான் சொன்னார். எல்லாவற்றையும் அவரே சொல்கிறார், நான் தட்டச்சு மட்டும்.

காலனியில் போய் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்ட செங்குன்றத்துக்காரருக்கு: இன்னும் இல்லை.

4 ஜனவரி 2024

போனேன். அறுப்புக்குக் கூப்பிடுகிற சாக்கில். அந்த அம்மா எங்கள் வீட்டில் இருபது வருஷமாக வேலை செய்கிறவர். வாசலில் சேறு படிந்த பாயைக் காயவைத்துக்கொண்டிருந்தார். கரையை யாரும் வெட்டவில்லை, மூட்டை அடைத்ததில் போய்விட்டது என்றேன்.

"எங்களுக்கு அன்னிக்கே தெரியும் சாமி. நீங்க எப்போ தெரிஞ்சுக்கினீங்க?"

அப்புறம் அறுப்புக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார். நான் ஆறு பேர் என்றேன். மெஷின் விடவில்லையா என்றார். சேறு காயவில்லை, மெஷின் இறங்காது. அதுவும் அவருக்குத் தெரியும்.

9 ஜனவரி

மணல் கதை. ஆற்றோரக் குத்தகை நிலத்தில் ஒன்றரை அடி மணல். பயிர் அதற்கு அடியில். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். புயலுக்குப் பிறகு முதல் முறையாகப் போன் செய்தார். பயிர் எப்படி என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"மணல் நல்ல விலையாமே?"

பட்டா நிலத்தில் விழுந்ததானாலும் மணலை அள்ளி விற்க முடியாது. 1959ஆம் வருஷத்துச் சிறு கனிம விதிகள் இருக்கின்றன, ஆட்சியர் அனுமதி வேண்டும். அனுமதி வருவதற்குள் அடுத்த புயல் வந்து இன்னொரு அடி போடும். அள்ளாவிட்டால் அடுத்த போகமான நவரை நட முடியாது. அள்ளி வரப்பில் குவித்தால் பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வருவார். ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு பேர் பைக்கில் வந்து, "அண்ணே, நீங்க தூங்குங்க, காலையில நிலம் சுத்தமா இருக்கும்" என்றார்கள். சொல்லப் போனால் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரத்தான் இல்லை. வேண்டாம் என்று சொன்னேன். ஒழுக்கத்தால் சொன்னேன் என்று எழுத ஆசை. பயத்தால் சொன்னேன்.

நிவாரணமும் அந்த நிலத்துக்கு என் பெயரில் வராது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற அடங்கல் கணக்கில் சாகுபடி செய்கிறவன் பெயர் ஏறவில்லை, குத்தகையெல்லாம் வாய்ப்பேச்சுதான். நிலத்துக்காரர் பாதி தருகிறேன் என்கிறார். நட்டது நான், உழுதது நான், மணல் அள்ளப்போவதும் நான்.

தங்கச்சி வீட்டில் பயிர் விவரத்தை ஆந்திர அரசின் ஈ-கிராப் பதிவில் ஏற்றி, வயலிலேயே போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களாம். அதைச் சொல்லிச் சொல்லியே வெறுப்பேற்றுகிறாள். சொன்னதுதான் சொன்னாள், பணம் வந்ததா என்றேன். பேச்சை மாற்றினாள்.

17 ஜனவரி

பொங்கல் போனது. வருஷா வருஷம் தங்கச்சிக்கு நாங்கள்தான் சீர் கொண்டுபோவோம், புது அரிசியோடு. இந்த வருஷம் அரிசி கடையில் வாங்கினேன். மூட்டையில் ஊர் பெயரைப் பார்த்துவிட்டு வேறு பையில் மாற்றினேன். தங்கச்சி பிரித்துப் பார்த்து, ஒரு பிடி எடுத்து முகர்ந்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வரும்போது என் வண்டியில் அவள் வீட்டு நெல் ஒரு மூட்டை இருந்தது. எப்போது ஏற்றினார்கள் என்று தெரியவில்லை.

வழியில் சுருட்டப்பள்ளியில் இறங்கினோம். விஷம் குடித்த மயக்கத்தில் அம்மன் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிற சிவன். "சாமியே படுத்துட்டார், நம்ம பயிர் படுத்தா என்ன" என்றார் அம்மா. படுக்கவில்லை அம்மா, நின்றுவிட்டது, அதுதான் பிரச்சினை என்றேன்.

24 ஜனவரி

அறுத்தாயிற்று. நல்ல வருஷத்தில் ஏக்கருக்கு 75 கிலோ மூட்டை இருபத்தெட்டு வரும். இந்த வருஷம் பதினொன்று. தூற்றும்போது பாதி காற்றோடு போனது. பச்சையாக இருக்கிறதே என்று சொன்னவருக்கு ஒரு முறம் பதர் அனுப்பலாமா என்று வீட்டில் கேட்டார்கள்.

காப்பீடு செய்தவர்களுக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்திருக்கிறேன். ஆனால் என் வயலை மட்டும் பார்த்துத் தர மாட்டார்கள், ஊரில் குலுக்கலில் வந்த வயல்களில் அறுத்துப் பார்த்து, சராசரி எடுத்து, ஊருக்கே ஒரு கணக்கு. மேட்டுத் தெருக்காரர்களுக்கு முப்பது மூட்டை. அவர்கள் வயலில் சீட்டு விழாமல் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதை அவர்களிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

பாபட்லா பற்றி ஒன்று விட்டுப்போனது. நாம் பாபட்லா என்கிற பிபிடி 5204 நெல் ஆந்திராவின் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. மிக்ஜாம் நம்மை நனைத்துவிட்டுப் போய் டிசம்பர் 5 அன்று கரையேறியதும் அதே பாபட்லா பக்கத்தில்தான். புயல் தன் ஊர் நெல்லை விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது.

3 பிப்ரவரி

இது எழுத வேண்டிய குறிப்பு. எழுத வேண்டாம் என்று மனைவி சொல்கிறாள்.

கரை உடைந்தது மூட்டையால். ஆனால் உடைந்த தண்ணீர் ஏன் போக்குக் கால்வாயில் போகாமல் வயலில் பரவியது? பெரியவர் இதைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் புரியாதது போல வந்துவிட்டேன். ராத்திரி இணையத்தில் என் நிலத்தின் புலப்படத்தை இறக்கிப் பார்த்தேன். என் நிலத்தின் கிழக்கு ஓரத்தில் கால்வாய் புறம்போக்கு ஆறு மீட்டர். மறுநாள் டேப் வைத்து அளந்தேன். இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது மழையே இல்லை. கால்வாயில் ஆடு மேய்ந்தது. அப்பா ஒவ்வொரு வருஷமும் உழவுக்கு முன்னால் வரப்பை வெட்டி ஒரு சாண் கிழக்கே போடுவார். வெட்டின மண்ணை நான்தான் கூடையில் தூக்குவேன். ஒரு கூடைக்கு ஒரு கமர்கட்டு. எதிர்க்கரையில் பெரியப்பா மகன்கள் அதே வேலையை மேற்கே பார்த்துச் செய்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை, ஆனால் வேலை மட்டும் ஒற்றுமையாக நடந்தது.

அந்த ஒட்டின நிலத்தில் இந்த நாற்பது வருஷத்தில் எவ்வளவு நெல் எடுத்திருப்போம் என்று கணக்குப் போடத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

5 பிப்ரவரி

"அப்பாவை இப்படி எழுதலாமா?" என்று ஒருவர். கமர்கட்டு தின்றது நான்.

11 பிப்ரவரி

எதிர்க்கரைப் பங்காளியிடம் போய்ப் பேசினேன். ஏழு வருஷம் கழித்து முதல் பேச்சு. இருபக்கமும் ஒன்றேமுக்கால், ஒன்றேமுக்கால் மீட்டர் விட்டுக்கொடுத்தால் ஐந்தரை ஆகிவிடும், போதும் என்றேன். அவர் திண்ணையிலிருந்து எழவில்லை.

"பிச்சாட்டூர்ல தொறந்துவுட்டா, நான் ஏன்டா நெலத்த குடுக்கணும்?"

என் 9 டிசம்பர் குறிப்பை அவர் படித்திருக்கிறார். அதிலிருந்து வரி வரியாக எனக்கே சொல்லிக் காட்டினார்.

2 மார்ச்

ஜேசிபி ஒன்று மூன்று மணி நேரத்துக்குப் பிடித்தேன். என் பக்கம் மட்டும் ஒன்றேமுக்கால் மீட்டர் வெட்டிப் போட்டாயிற்று. கலங்கல் மூட்டைகளையும் அகற்றிவிட்டோம். காலனியிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள், கூலி வாங்கிக்கொண்டுதான், ஏன் வாங்கக் கூடாது. அம்மா கரையில் நின்று பார்த்துவிட்டு, "உங்கப்பா இருந்தா உன்னை வெட்டியிருப்பாரு" என்றார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

இப்போது நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆற்றில் போய் விழுகிற இடத்தில் ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய் இருக்கிறது, அது ஒரு மீட்டர்கூட இல்லை. அதற்கு மனு எழுதப் போகிறேன்.

பங்காளி அவர் பக்கத்தில் கை வைக்கவில்லை. ஜேசிபி போன மறுநாள் தன் வரப்பு ஓரமாக வரிசையாக ஏழு வேப்பங்கன்று நட்டு, முள் வேலியும் கட்டியிருக்கிறார்.

3 மார்ச்

திருத்தம். வேம்பு இல்லை, புங்கன். இன்று கிட்டே போய்ப் பார்த்தேன். தண்ணீரும் ஊற்றியிருக்கிறார், கால்வாயிலிருந்து மொண்டு.